ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியில் சேர்வது: எம்.டி. காலத்தில் ஆய்வுப் பாதை

எம்.டி. மனநல மருத்துவத்தில் சேர்ந்த சில மாதங்களுக்குள் தீசிஸ் தலைப்பைக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் முதுநிலை மாணவருக்கு (பி.ஜி.) வார்டும் புதிது, நோயாளியோடு உட்கார்ந்து பேசும் முறையும் புதிது. அதனால் சீனியர் ஒருவரின் பழைய தலைப்பை எடுத்து நோயின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்கு மனச்சோர்வு என்று ஒருவர் பார்த்திருந்தால், அடுத்தவர் சிறுநீரக நோயாளிகளை எடுப்பார், அதற்கடுத்தவர் சொரியாசிஸை எடுப்பார். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எம்.டி. ஆய்வேடுகள் யாரும் படிக்கும்படி கிடைக்கின்றன. அங்கே மனநல மருத்துவத் தலைப்புகளை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்தாலே இந்த வரிசை கண்ணில் படும். ஒவ்வொருவரும் உழைத்திருக்கிறார்கள், ஆனால் ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்கியதாகத் தெரிவது அபூர்வம். ஆசிரியப் பணியோ ஆய்வோ தனக்கு ஒத்துவரலாம் என்று சற்றேனும் நினைக்கும் பி.ஜி. புதுத் தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியில் போய்ச் சேருங்கள், அதில் ஒரே ஓர் ஆய்வு முறையைச் சுத்தமாகக் கற்றுக்கொள்ளுங்கள். போஸ்டர், விருது, கட்டுரை எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்திலிருந்து உலகம் கவனித்த மனநல ஆய்வுகளை எடுத்துக்கொண்டால் இதற்கான ஆதாரம் கிடைக்கும். 1980-களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மனச்சிதைவு நோயின் போக்கை அறிய சென்னை, வேலூர், லக்னோ ஆகிய மூன்று மையங்களில் ஒரு கூட்டாய்வை நடத்தியது. சென்னையில் முதல்முறையாக நோய் கண்டவர்கள் 90 பேர் சேர்க்கப்பட்டார்கள். திட்டக் காலமும் நிதியும் முடிந்தபின் கோப்பை மூடிவிடுவதுதான் ஊர் வழக்கம். சென்னைக் குழு மூடவில்லை. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் வழியாக, டாக்டர் தாராவும் உடன் பணியாற்றியோரும் அதே நோயாளிகளைப் பத்தாண்டு, இருபதாண்டு என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். மனச்சிதைவு வந்தவர் நாளுக்கு நாள் சரிந்துகொண்டேதான் போவார் என்ற பழைய நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் ஆதாரங்களில் ஒன்றாக ‘மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு’ இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதற்கு ஸ்கேன் கருவியோ மரபணு ஆய்வகமோ தேவைப்படவில்லை. அளவுகோல்கள் சில, வீட்டு முகவரிகள், விடாத ஆள்கள், இவ்வளவுதான். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் நடந்ததும் இதே வகை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமுதாய நலத் திட்டப் பணியாளர்கள் லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள்தொகையில் ஒவ்வொரு சாவையும் வழக்கமாகப் பதிந்து, காரணம் விசாரித்து வந்தார்கள். அந்தப் பதிவிலிருந்து 10 முதல் 19 வயது வரையான இளையோரை மட்டும் பிரித்து 1992 முதல் 2001 வரை கணக்கிட்டபோது, தற்கொலை விகிதம் லட்சத்துக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58 என்று வந்தது. காவல்துறைப் பதிவை நம்பிய அரசுக் கணக்கு இதற்குப் பக்கத்தில்கூட இல்லை. 2004-இல் ‘லான்செட்’ இதை வெளியிட்டது. தற்கொலையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று யாரும் நினைப்பதற்கு முன்பே தரவு அங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது சான்று சிறியது; பி.ஜி.க்கு இன்னும் நெருக்கமானது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த பிறகு, வழிபாட்டுத் தலங்களில் நோயாளிகளை வைத்திருப்பதைப் பற்றி நாடே கோபத்தோடு பேசியது. டாக்டர் ரகுராமும் குழுவினரும் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை, எந்தத் துறையிலும் அலமாரியில் கிடக்கும் பி.பி.ஆர்.எஸ். அளவுகோலால் வந்தபோதும் கிளம்பும்போதும் மதிப்பிட்ட முடிவை அடுத்த ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். அறிகுறி மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லை. நோய் தானாகவே தணிந்திருக்கலாம், மோசமான நிலையில்தானே கோயிலுக்கு வருவார்கள், எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று விமரிசிக்கலாம், விமரிசிக்கவும் வேண்டும். அதை ஜர்னல் கிளப்பில் வைத்துக் கிழிப்பதே நல்ல பயிற்சி. ஆனால் எல்லோரும் கருத்து சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் ஓர் எண்ணைக் கொண்டுவந்து வைத்த வேலை அது. அளவில் ஒரு தீசிஸுக்கு மேல் போகாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இவையெல்லாம் ஆண்டுக்கணக்காக அனுபவம் பெற்ற பேராசிரியர்கள் செய்தவை. இரவு டியூட்டிக்கும் காலை ஓ.பி.க்கும் நடுவே மூன்றே ஆண்டு படிக்கும் ஒருவருக்கு இதில் என்ன பாடம்? உண்மைதான். மூன்றாண்டில் யாராலும் இருபதாண்டு ஆய்வைச் செய்ய முடியாது. அதனாலேயேதான் தனியாகத் தொடங்கக் கூடாது என்கிறேன். பதிவு வாங்குவதற்கும் நெறிமுறைக் குழு அனுமதிக்கும் போக, தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியதும் போக, தரவு சேகரிக்க மிஞ்சுவது ஒன்றரை ஆண்டுக்குள்தான். அந்த ஒன்றரை ஆண்டில் தனித் தலைப்புக்காரர் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஒருமுறை மட்டும் பார்த்த நோயாளிகளின் சதவீதக் கணக்கோடு முடிப்பார். ஏற்கெனவே நோயாளிகளைப் பின்தொடரும் குழுவில் சேர்ந்தவருக்கோ அதே காலத்தில் முந்தைய அளவீடுகளும் கையில் இருக்கும். மாற்றத்தைப் பற்றிப் பேச முடியும். எது முதலில் வந்தது, தூக்கமின்மையா மனச்சோர்வா என்பது போன்ற கேள்விக்கு ஒருமுறை எடுத்த கணக்கால் பதில் சொல்லவே முடியாது.

மனநல மருத்துவத்துக்கென்றே உள்ள இன்னொரு காரணம் இதைவிட வலுவானது. நம் துறையில் ரத்தப் பரிசோதனை சொல்லித் தரும் நோயறிதல் கிடையாது. பேட்டி எடுப்பவர்தான் கருவி. கருவி கோணினால் எண்ணும் கோணும். 1960-களின் பிற்பகுதியில் நியூயார்க் மருத்துவர்களையும் லண்டன் மருத்துவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், நியூயார்க்கில் மனச்சிதைவு என்ற முத்திரை மிகத் தாராளமாகக் குத்தப்பட்டது தெரிய வந்தது. நோயாளிகள் அவ்வளவு வேறுபடவில்லை, மருத்துவரின் பழக்கம்தான் வேறுபட்டது. அதன் பிறகுதான் ஒரே மாதிரி பேட்டி எடுக்கவும், ஒரே நோயாளியை இருவர் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிடவும் உலகம் பழகியது. ஆக்ராவையும் ஒரு மையமாகக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் நடத்திய மனச்சிதைவு முன்னோடி ஆய்வு, அந்தப் பழக்கத்தை இந்திய மருத்துவர்களிடமும் கொண்டுவந்தது. தனியாகத் தீசிஸ் செய்யும் பி.ஜி. தன் மதிப்பெண்ணை யாருடைய மதிப்பெண்ணோடும் ஒட்டிப் பார்ப்பதில்லை. மனச்சிதைவு அறிகுறிகளை அளக்கும் பான்ஸ் அளவுகோலில் அவர் போட்ட 4 இன்னொருவரின் 4 தானா என்று அவருக்கே தெரியாது. குழுவுக்குள் வந்தால் முதல் மாதமே இது வெளிப்படும், கூச்சமும் வரும், பிறகு சரியாகும். அந்தக் கூச்சமே பயிற்சி. பின்னாளில் ஆய்வே செய்யாமல் கிளினிக் வைத்தாலும் நோயாளிக்கு அதனால் லாபம் உண்டு.

சுயசிந்தனை அடிபடாதா, கைடின் வேலைக்குக் கூலியாள் ஆகிவிட மாட்டோமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. சொந்தக் கேள்வி என்பது ஒரு துறையைக் கொஞ்சம் அறிந்த பிறகு தோன்றுவது. முதல் ஆண்டு பி.ஜி.க்குத் தோன்றும் ‘புதிய’ கேள்வி பெரும்பாலும் யாரோ கேட்டு, பதில் கிடைத்து, பாடநூலிலும் ஏறிவிட்ட ஒன்றாக இருக்கும். பிரிட்டனில் ஆய்வு மனமுள்ள பயிற்சி மருத்துவருக்கு அகாடெமிக் கிளினிக்கல் ஃபெல்லோ என்ற இடம் கிடைத்தால் நேரத்தில் நாலில் ஒரு பங்கை ஆய்வுக்கு ஒதுக்கித் தருகிறார்கள். அமெரிக்காவில் மனநல ரெசிடென்சி நான்கு ஆண்டு. பல பல்கலைக்கழகங்கள் அதற்குள் ஆய்வுப் பிரிவு வைத்து, பின் ஆண்டுகளில் ஓ.பி.யைக் குறைத்து நேரம் தருகின்றன. அங்கேயும் அந்த நேரம் வழிகாட்டி ஒருவரின் ஓடும் திட்டத்தில்தான் பெரிதும் கழிகிறது. நமக்கு அந்த ஒதுக்கீடும் கிடையாது. இருக்கிற கொஞ்ச நேரத்தில் சுதந்திரம் பற்றி அதிகம் கவலைப்படுவது, நீந்தத் தெரியுமுன் தனிக் குளம் கேட்பது போல.

கூலியாள் ஆகும் ஆபத்து மட்டும் கற்பனை இல்லை. ஆகவே சேரும்போதே மூன்றைப் பேசிவிடுங்கள்: பெரிய தரவில் எந்தத் துண்டு உங்களுடையது, அதை நீங்களே பகுப்பாய்வு செய்வீர்களா, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் பெயருக்கு வகுத்திருக்கும் நான்கு நிபந்தனைகளை நல்ல இதழ்கள் பெரும்பாலும் ஏற்கின்றன. வேலையில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு. நான்கும் வேண்டும். எச்.ஓ.டி. என்பதற்காக மட்டும் பெயர் சேர்ப்பது இதற்குள் வராது. ஆனால் முதல் ஆண்டு பி.ஜி. இதைச் சட்டமாகப் பேசினால் காரியம் கெடும், “சார், இந்த அத்தியாயம் நான் எழுதட்டுமா?” என்று கேட்டு வேலையை வாங்கிக்கொண்டால் பெயர் தானாக வரும். புள்ளியியலை வெளியில் காசு கொடுத்துச் செய்ய வைக்கும் பழக்கத்தை மட்டும் முளையிலேயே கிள்ளுங்கள். ஜமோவி, ஆர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். தன் அட்டவணையைத் தானே போடத் தெரியாதவர், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

“எங்கள் கல்லூரியில் அப்படி எந்த ஆய்வும் ஓடவில்லையே” என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. பெங்களூர் நிம்ஹான்ஸில் இடம் கிடைக்காதவர்களின் ஆதங்கமும் அதில் கலந்திருக்கும். கணியம்பாடியைத் திரும்பிப் பாருங்கள். அந்த இளையோர் தற்கொலைக் கணக்கு யாரோ ஆய்வு என்று பெயர் வைத்த திட்டத்திலிருந்து வரவில்லை. மருத்துவமனையில் ஓடிக்கொண்டிருக்கும் பதிவுகளும் ஓடும் கேள்விகள்தாம். தற்கொலை முயற்சிக்குப் பின் வார்டிலிருந்து அனுப்பப்படும் ரெஃபரல்கள், குடிநோய் மறுவாழ்வுப் பிரிவின் சேர்க்கைப் பதிவேடு, லித்தியம் வாங்க மாதாமாதம் வருபவர்களின் ரத்த அளவுகள், மாவட்ட மனநலத் திட்ட முகாம்களின் நோட்டுகள். இவற்றை ஒழுங்காக்கி, விடுபட்டவர்களைத் தேடிப் போனால் அதுவே ஆய்வு. தேசிய மருத்துவ ஆணையம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்று மாத மாவட்டப் பணியைப் பலர் தண்டனையாக நினைக்கிறார்கள். மேல்சிகிச்சை மருத்துவமனைக்கு வராத நோயாளியைப் பார்க்கும் ஒரே வாய்ப்பு அதுதான். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான பூட்டுப் பெட்டகத்தில் வைத்தால் தற்கொலை குறையுமா என்று டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். அந்தக் கேள்வி கிராமத்தைப் பார்த்தவருக்குத்தான் தோன்றும். மதுரையில் டாக்டர் வெங்கோபராவ் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இருந்துகொண்டே மனச்சோர்வு, தற்கொலை, முதியோர் மனநலம் என்று தம் ஆய்வுகளைக் கட்டியெழுப்பினார். ஓ.பி. கூட்டம் அங்கே மட்டும் குறைவாக இருந்திருக்காது.

நேரம் பற்றிய புலம்பலை நீட்ட வேண்டியதில்லை. ஆணையம் எல்லா பி.ஜி.க்கும் கட்டாயமாக்கியிருக்கும் உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் பாடத்தைச் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணைய வழியில் நடத்துகிறது. சான்றிதழுக்காக ஓடவிட்டு முடிக்கும் பாடமாக அது ஆகிவிட்டது. முதல் ஆண்டிலேயே, தீசிஸ் திட்டம் எழுதுவதற்கு முன்னால் அதைக் கவனித்துப் படித்தால் மாதிரி அளவு, ஆய்வு வடிவம் இரண்டிலும் வரும் குளறுபடிகளில் பாதி தவிரும். தீசிஸை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவதாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பிற்பாடு பதிவதை அவர்கள் ஏற்பதில்லை. மனநல ஆய்வுக்கென்று இன்னொரு வேலியும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 99-இன்படி வெறும் பேட்டிக்குக்கூட நோயாளியின் சுதந்திரமான ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தர இயலாதவரைச் சேர்ப்பதானால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். கூட வந்த அண்ணன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்துக் கடுமையான நோயாளிகளைத் தலைப்பில் போட்டுவிட்டு, பின்னால் நெறிமுறைக் குழு முன் விழிக்காதீர்கள்.

எம்.டி.க்குப் பிறகு எந்த வழி என்பதும் இந்த வாதத்தோடு ஒட்டியதே. ஆசிரியப் பணிக்கு ஓராண்டு சீனியர் ரெசிடென்ட் (எஸ்.ஆர்.) பணி முடித்தால் உதவிப் பேராசிரியர். அங்கிருந்து இணைப் பேராசிரியர் ஆவதற்கு நான்கு ஆண்டு அனுபவமும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் கேட்கிறார்கள். விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணிக்கை விதி ஒரு சந்தையையே உண்டாக்கிவிட்டது: பணம் கட்டினால் பத்து நாளில் அச்சேற்றும் இதழ்கள். அங்கே போடும் கட்டுரை பதவி உயர்வுக் கோப்பில் ஒரு தாள் கூட்டும், தேர்வுக் குழுவில் படித்தவர் ஒருவர் இருந்தால் அதுவே எதிராகவும் திரும்பும். மேற்படிப்பென்றால் குழந்தை, வளரிளம் பருவ மனநலத்திலும் போதை நோய் மருத்துவத்திலும் டி.எம். படிப்புகள் நிம்ஹான்ஸ், எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற இடங்களில் உள்ளன. முதியோர் மனநலத்துக்கு லக்னோ. நிம்ஹான்ஸின் ஓராண்டு ஃபெல்லோஷிப்புகள் குறுகிய துறைத்திறனுக்கு நல்லவை. எண்ணியல் பக்கம் சாய்வு உள்ளவர்கள் சென்னையிலேயே தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் எம்.பி.எச். படிப்பைப் பார்க்கலாம், மனநல மருத்துவர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத கதவு அது, அதனாலேயே மதிப்பு அதிகம். டி.பி.டி.–வெல்கம் டிரஸ்ட் இந்தியா அலையன்ஸ் மருத்துவர்களுக்கென்றே தந்துவரும் ஆய்வு ஃபெல்லோஷிப்புகளுக்கு விண்ணப்பிக்கும்போது, ஐந்தாண்டு ஓடக்கூடிய ஒரு கேள்வியை எழுதிக் காட்ட வேண்டும். தொடர்பில்லாத பத்து போஸ்டர் வைத்திருப்பவர் அந்த வெள்ளைத் தாள் முன் என்ன எழுதுவார்? ஒரே வரிசையில் இரண்டு கட்டுரை வைத்திருப்பவருக்கு மூன்றாவது கேள்வி தானாக வந்து நிற்கும்.

வருமானத்தைப் பற்றி மழுப்ப மாட்டேன். கிளினிக் வைத்தவரின் வருமானத்தை ஆய்வாளர் தொடுவதில்லை. எம்.பி.பி.எஸ்., எம்.டி., அரசு ஒப்பந்தப் பணி என்று முப்பதைத் தாண்டிய பிறகும் “எப்போ போர்டு மாட்டப் போறே?” என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள், கடன் வாங்கிப் படித்தவருக்கு அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வோர் உண்டு. மாலை கிளினிக்கோடு காலை கல்லூரி வைத்திருப்பவர்கள் கற்பிப்பதை நன்றாகவே செய்கிறார்கள். ஆய்வு மட்டும் அந்த ஏற்பாட்டில் பெரும்பாலும் முதல் பலியாகிறது. ஸ்கார்ஃப், கோவாவின் சங்கத் போன்ற தொண்டு நிறுவனங்கள் மூன்றாவது வழி. 2014-இல் ‘லான்செட்’ வெளியிட்ட மனச்சிதைவு சமுதாயப் பராமரிப்பு ஆய்வு 282 பேரைக் கொண்டு காஞ்சிபுரம், கோவா, சாதாரா ஆகிய இடங்களில் இத்தகைய நிறுவனங்கள் சேர்ந்து நடத்தியதே. வீடு தேடிப் போனவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும் என்ற நிச்சயமின்மை அங்கே உண்டு. சம்பளப் பட்டியலோடு அதையும் எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

தேர்வு முடிந்ததும் தரவு உள்ள எக்செல் கோப்பு பி.ஜி.யின் மடிக்கணினியோடு ஊருக்குப் போய்விடுவதுதான் நம் கல்லூரிகளில் ஓடும் கேள்விகள் குறைவாக இருப்பதற்குப் பெரிய காரணம். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். நோயாளிகளின் பெயரை நீக்கி எண் கொடுத்த கோப்பு, ஒவ்வொரு பத்தியும் எதைக் குறிக்கிறது என்ற விளக்கத் தாள், பேட்டிக்குப் பயன்படுத்திய தமிழ்ப் படிவங்கள், திரும்பக் கூப்பிட ஒப்புதல் தந்தவர்களின் தனிப் பட்டியல் பூட்டிய அலமாரியில், நெறிமுறைக் குழுவின் கடித நகல். துறையில் வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு சேர்ந்த பி.ஜி.யை உட்கார வைத்து ஒரு மாலை முழுக்க விளக்குங்கள். ஓராண்டு கழித்து அதே நோயாளிகளைப் பார்க்கும் வேலையை அவர் தன் தீசிஸாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கைடிடமும் அப்போதே கேட்டுவிடுங்கள்.